கரிநாக்குக் குமாஸ்தா

யூனியன் ஆபீசில் ஞானசம்பந்தத்துக்கு ஸ்டோர் குமாஸ்தா வேலை. பாலமோ தண்ணீர்த் தொட்டியோ, எது கட்டுவதானாலும் என்ன சாமான் எப்போது வாங்க வேண்டும், எது எங்கே கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே சொல்வது அவர் பொறுப்பு. சொல்லிச் சொல்லி அந்த மனுஷன் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். நல்ல காரியம் தொடங்கும்போது கெட்டதை வாயில் எடுக்கலாமா? நம்ம பக்கத்தில் அதைவிடப் பெரிய குற்றம் உண்டா என்ன! கிணறு வெட்டும்போது மண் சரியும் என்றார், சரிந்தது. அவர் வாய் வைத்ததால்தான் சரிந்தது என்று ஊரே பேசியது.

அறுபத்தைந்தாம் வருஷம், வீரபாண்டிக்குத் தெற்கே அவர் ஊர் ஓடைப் பள்ளத்துக்குப் பாலம் சாங்ஷன் ஆனது. குமாஸ்தா சம்பளம் அரை வயிற்றுக்குத்தான் காணும் என்று அவர் மனைவி மருதம்மாள் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பள்ளத்தில் இறங்கித்தான் போக வேண்டும். போன ஐப்பசியில் வெள்ளம் அவளை இழுத்துக்கொண்டு போய், ஏதோ வேரைப் பிடித்துத் தப்பினாள். இந்த மழைக்குள் பாலம் வந்துவிட வேண்டுமே என்று அவர் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

சிமெண்டுக்குப் பெர்மிட் வேண்டியிருந்த காலம். நாயாய் அலைந்து வாங்கிவிட்டார். பூமி பூஜையன்று பஞ்சாயத்துத் தலைவர் வெள்ளியங்கிரி, மூட்டைகளைப் பள்ளத்தோரக் கொட்டகையில் அடுக்கச் சொன்னார். வேலைக்குப் பக்கமாம். மழை முந்திக்கொண்டால் கொட்டகை முழுகிவிடும், மேட்டுப் பள்ளிக்கூடத்தில் அடுக்கலாம் என்று சொல்ல ஞானசம்பந்தம் வாயைத் திறந்தார்.

"ஏனுங்க, இன்னிக்கு ஒரு நாளாச்சும் அச்சானியமாப் பேசாம இருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க," என்று தலைவர் கையெடுத்துக் கும்பிட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

எத்தனை வருஷம்தான் ஒரு மனுஷன் கரிநாக்கு என்ற பேரைச் சுமப்பான்? அலுத்துப்போய்விட்டது. "ஒண்ணும் ஆகாதுங்க. எல்லாஞ் செரியா வரும்," என்றார். அன்றைக்குச் சந்தனமும் வெற்றிலையும் முதலில் அவருக்குத்தான் கொடுத்தார்கள்.

புரட்டாசிக் கடைசியில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. கொட்டகை முழுகி, மூட்டையெல்லாம் கல்லாய் இறுகிப்போயின. இனி அடுத்த வருஷம்தான் பெர்மிட் என்று மேலிடத்தில் கையை விரித்துவிட்டார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் மருதம்மாள் பள்ளத்து வெள்ளத்தில் தலையோடு நனைந்து வீடு வந்து சேர்ந்தாள். நடுக்கம் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூவாத்தாள், "சிமெண்டை அங்க அடுக்க வேண்டாம்னு ஒருத்தருமே சொல்லலீங்களா?" என்று கேட்டாள்.

மருதம்மாளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கூட்டுக்காரரு சொல்லாம இருந்திருப்பாருங்களா? தலப்பாடா அடிச்சுக்கிட்டிருப்பாரு. பஞ்சாயத்துக்காரங்கதான் காதுல போட்டுக்கல. ஏனுங்க, சொன்னீங்கதானே?"

ஞானசம்பந்தம் கொடியிலிருந்து துண்டை உருவி அவளிடம் நீட்டினார்.

"மொதல்ல தலயத் தொவட்டு," என்றார்.