இறுகிப்போன பெல்ட்

கோழித்தீவன ஆலையில் எல்லோருக்கும் அவள் எடைக்காரக்கா. தீவனத்தில் சுண்ணாம்புச் சத்துக்காகச் சேர்க்கும் கல்மாவை எடை பார்த்துக் கலவைத் தொட்டிக்குள் விடும் மெஷின் அவள் பொறுப்பு. பெல்ட் மாவைச் சுமந்து ஓடும். அடியில் உள்ள தராசு எடை பார்க்கும். எடை குறைவாகத் தெரிந்தால் பெல்ட் வேகம் பிடிக்கும். கணவர் போன பிறகு வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த மெஷினால்தான். கடவுளை நினைக்காமல் அவள் அதன் சுவிட்சைப் போட்டதில்லை.

அந்த மெஷினுக்கே ஆபத்து வந்தது. தீவனத்தில் கல்மாவு கூடிப்போச்சு, கோழி கொத்திவிட்டுத் திரும்பிக்கொள்கிறது என்று பண்ணைக்காரர் லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார். போதாக்குறைக்கு அடுத்தடுத்து பேரிங் போனது. கரண்டும் அதிகமாக இழுத்தது.

"இது சோறு போடுற மெஷினா, என்னைத் தின்னுற மெஷினா?" முதலாளி வெடித்தார். "சாயங்காலம் பழைய இரும்புக்காரன் வர்றான். புது மெஷின் வாங்கறேன். அதை ஓட்டுறதுக்கு விக்கிற கம்பெனி ஆளே வருவான்."

அவள் பதறவில்லை. "சாயங்காலம்தானே ஐயா? அதுக்குள்ள சோதிச்சுக் காட்டுறேன். மெஷின் மேல தப்பில்ல."

ஓடாத பெல்ட்டை உள்ளங்கையால் அழுத்தினாள். தராசின் திரையில் வழக்கமாகத் துள்ளும் எண் சோம்பலாக நகர்ந்தது. ஆலையின் ஃபிட்டர் அவளுடைய கொழுந்தன்தான். கூப்பிட்டாள்.

"தம்பி, இதை நீயா இறுக்கின?"

"பின்ன? ஒரு பக்கமாவே ஓடிட்டிருந்துச்சு அண்ணி. இப்ப பாருங்க, கல்லு மாதிரி நிக்குது!"

"அதான் வம்பு. மாவோட பாரத்தை பெல்ட்டே தாங்கிக்குது, தராசுக்கு இறங்கல. குறையுதுன்னு நெனச்சு மெஷின் அள்ளி அள்ளிப் போடுது. இந்த இழுப்புக்கு பேரிங் என்ன, மலையே தாங்காது."

அவன் முகம் தொங்கிவிட்டது. "அப்ப நான்தான் குடியைக் கெடுத்தேனா?"

"அழுகையை அப்புறம் வெச்சுக்க, ஸ்பேனரை எடு."

பெல்ட்டைச் சுழற்றும் உருளையில் ஒரு பக்கம் மாவு அப்பிக் கிடந்தது. பெல்ட் ஒதுங்கியதற்கு அதுதான் காரணம். அவள் சுரண்டினாள், அவன் தளர்த்தினான். வெறும் பெல்ட்டை ஓடவிட்டு எண்ணைப் பூஜ்யமாக்கினாள். பிறகு மாவை விட்டு, விழுந்ததைச் சாக்கில் பிடித்துத் தரைத்தராசில் வைத்தார்கள். மெஷின் சொன்னதும் தரைத்தராசு சொன்னதும் ஒன்று.

"குருட்டு அதிர்ஷ்டமா இருக்கும், இன்னொரு தடவை" என்றார் முதலாளி. அடுத்த சாக்கும் அப்படியே. நம்பாமல் மூன்றாவதைத் தானே தூக்கி வந்து வைத்தார். சட்டையெல்லாம் வெள்ளையாகிவிட்டது. அதிலும் இரண்டு எண்ணும் ஒன்றேதான்.

"யாரு இதை இறுக்கினது?"

அவள் வாயைத் திறக்குமுன் கொழுந்தன் முன்னால் வந்தான். "நான்தான் ஐயா."

முதலாளி அவனை முறைத்தார். "இனிமே அக்கா கைவெச்சுப் பாத்து சரின்னு சொல்லாம ஸ்பேனரைக் கீழே வெக்காதே." போனை எடுத்தார். "இரும்புக்காரரே, வண்டி வேண்டாம்... இல்ல, நாளைக்கும் வேண்டாம்."

எடைக்காரக்கா கண்ணை மூடித் திறந்தாள். சுவிட்சைப் போட்டாள்.