தடிக்கால் எழுத்தும் மாமாவின் போகியும்

அச்சுத் தொழிலில் இறங்கியவனுக்குப் பைத்தியம் பிடிக்க ஒரு பெட்டி எழுத்து போதும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்!

பெட்டி வந்த நாள்

எழுபதுகளின் கடைசியில், தலைநகரின் கரோல்பாக்கில் நானும் அக்கா கணவரும் சின்னதாக ஒரு பிரஸ் நடத்தினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய சாமான் கடையில் ஒரு பெட்டி ஆங்கில மர எழுத்துகளைப் பார்த்தேன். போஸ்டர் அடிக்கிற உள்ளங்கை அகல எழுத்துகள். நல்ல தடிமன். ஒவ்வொன்றுக்கும் காலிலும் தலையிலும் செங்கல் வைத்தாற்போல் சதுரக் கட்டை; தடிக்கால் எழுத்து என்று நானே பெயர் வைத்தேன். என்ன கம்பீரம்! அங்கேயே மனசைப் பறிகொடுத்து வாங்கி வந்துவிட்டேன்.

மாமா ஒரு எழுத்தை எடுத்து எடை பார்த்தார். சொன்னால் செய்கிற மனுஷர். "போகிக்குள்ள இதுக்கு ஒரு வேலை காட்டு மச்சான். இல்லேன்னா பழைய பாயோட சேர்த்துக் கொளுத்திடுவேன்" என்றார்.

விடுவேனா நான்?

வீணைக் கச்சேரி

ஒரு சபாவுக்கு வீணைக் கச்சேரி போஸ்டர். வித்வாம்சினியின் பெயரைத் தடிக்கால் எழுத்தில் போட்டு, கறுப்பு மை தீட்டி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். காரியதரிசி தள்ளி நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார்.

"ஏன் சார், அந்தம்மா வீணை வாசிக்க வராங்களா, குஸ்தி போட வராங்களா?"

நூலகத்தில்

சரி, கச்சேரியில்தான் தோற்றோம், இங்கே ஜெயிப்போம் என்று, ஒரு பள்ளிக்கூட நூலகத்துக்கு 'சைலன்ஸ்' என்று ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்தேன். டீச்சரம்மா மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டார். கூடவே ஒரு சீட்டு: "இந்த போர்டுதான் எங்க லைப்ரரியிலேயே அதிகமா சத்தம் போடுது."

போகிக்கு நாலே நாள். எனக்குத் தூக்கம் போயிற்று, பிடிவாதம் மட்டும் போகவில்லை.

மூடுபனி

அக்காவுக்குச் சர்க்கார் ஆபீசில் கிளார்க் வேலை. காலையில் ஆபீஸ்காரர்களுக்கென்று வரும் சார்ட்டர்டு பஸ்கள் ஐந்தாறு வரிசையாக நிற்கும். போகிற இடம் முன் கண்ணாடியில் ஒல்லி எழுத்தில் இருக்கும். பனியில் எவனுக்குத் தெரியும்? அன்று காலை அக்கா தப்பான பஸ்ஸில் ஏறி சாணக்யபுரியில் போய் இறங்கினாள். இன்னொரு நாள் லேட்டானால் மெமோ என்று அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டாராம். வீட்டுக்கு வந்து அழுதாள்.

அன்று சாயங்காலமே மஞ்சள் தாளில் 'சென்ட்ரல் செக்ரடேரியட்' என்று ஆங்கிலத்தில் தடிக்கால் எழுத்தில் அடித்தேன். விடிந்ததும் அவள் பஸ் டிரைவரிடம், "அண்ணா, சீக்கிரம் கண்ணாடியில ஒட்டுங்க" என்று அரைகுறை இந்தியில் சொல்லிக் கொடுத்தேன். எதிர்ச்சாரியில் நின்றபடியே அக்கா படித்துவிட்டாள். ஓடி வந்து ஏறினாள். அடுத்த இரண்டு நாளும் பனி விலகவில்லை, அவளும் லேட்டாகவில்லை.

போகியன்று விடியற்காலை மாமா பாயையும் பெட்டியையும் வாசலுக்குத் தூக்கிவிட்டார். "ஒரு தாள் அடிச்சதெல்லாம் ஒரு வேலையா?" என்று தீக்குச்சியை உரசினார். டிபன் டப்பாவும் கையுமாக ஆபீசுக்குக் கிளம்பிய அக்கா அந்தப் பெட்டிமேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"கொளுத்துங்க. ஆனா பனி விடற வரைக்கும் தினம் என்னை சைக்கிள்ல ஆபீசுக்குக் கொண்டுவிடணும், சம்மதமா?"

மாமா பாயை மட்டும் கொளுத்தினார். எல்லா பஸ் டிரைவர்களும் தங்கள் பஸ்ஸுக்கும் அதே மாதிரி அடித்துக் கேட்டு எங்கள் வாசலுக்கு வர ஆரம்பித்த பிறகு, பனிக்காகத்தான் அந்த எழுத்தை வாங்கினோம் என்று என்னைவிட அதிகமாக அவர்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார்.