கேட்டதாம், நான் என்டர் தட்டினேனாம்

கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இன்று மன்னார்புரத்தில் பஸ் ஏறினேன். "என்னங்க, உள்ள கோழியா?" என்றார் கண்டக்டர். கோழியாக இருந்தால் கூவியாவது இருக்கும்.

வாய் பேச முடியாத என் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவள் எழுதி அனுப்புவதை, படிப்பறியாத எனக்கு இந்த லினக்ஸ் பெட்டிதான் வாசித்துக் காட்டும். நேற்று அப்டேட் ஆனதிலிருந்து சத்தமே இல்லை.

தென்னூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் முருகேசன் பார்த்தார்.

"அண்ணே, தமிழ்க் குரல் கட்டாயம் இல்ல, இருந்தா இருக்கட்டும்ங்கிற வகை. புதுசா வந்ததோட ஒத்துப்போகலைன்னு அப்டேட் அதை எடுத்துருச்சு."

"எடுக்குறதுக்கு முன்ன ஒரு வார்த்தை கேக்க வேணாமாங்க?"

"கேட்டுச்சுண்ணே. திரையில இங்கிலீஷ்ல எழுதிக் கேட்டுச்சு. நீங்க என்டர் தட்டியிருக்கீங்க."

எது வந்தாலும் என்டர் தட்டுங்கள் என்று சொல்லிக் கொடுத்ததே இவர்தான்.

புதிதாக என்ன வேண்டுமானாலும் சேர்க்கட்டும். தினமும் புழங்குகிற ஒன்றை, அது இல்லாமலும் ஓடும் என்று தூக்குவது என்ன நியாயம்? பெட்டி நன்றாக ஓடுகிறது. என் மகள்தான் பேசவில்லை.

குரல் திரும்ப வர நாளாகுமாம். காலையில் அவள் எழுதியதைத் தான் படிக்கவா என்றார் முருகேசன். அவள் எனக்கு எழுதியது, வேண்டாம் என்றுவிட்டேன்.

நான் சொல்லச் சொல்ல அவர்தான் இதை இந்த லினக்ஸ்காரர்கள் குழுவில் தட்டுகிறார். பதில் போடுகிறவர்கள் கொஞ்சம் சத்தமாகப் போடுங்கள்.