சேவுகன் வரைந்த தூக்கம்

ஐயனார் கோயில் மண்குதிரைக்குக் கண் திறக்க மை குழைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சேவுகன் போய்விட்டார் என்று ஆள் வந்து சொன்னது. குதிரையை அப்படியே விட்டுவிட்டு அவர் இருந்த ஒக்கூருக்குப் பஸ் ஏறினேன்.

அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும். விமானப்படையில் மெக்கானிக் வேலை; கையில் கிடைத்த தாளிலெல்லாம் படம் போடுவார். எங்களுக்கு விமானம் என்றால் செட்டிநாட்டுப் பழைய ஓடுதளம்தான். அதில் ஆடு மேய்க்கலாம், எள்ளுக் காயவைக்கலாம். என் தங்கை மாப்பிள்ளை அங்கேதான் சைக்கிள் பழகிப் பல்லை உடைத்துக்கொண்டார். அது கிடக்கட்டும். போர்விமானத்தை நாங்கள் பார்த்தது சேவுகன் படத்தில்தான்: இறக்கையில் காயும் பனியன், வால் நிழலில் சவரம், சக்கரத்தடியில் நாய்க்குட்டி.

"சண்டை எங்கய்யா?" என்று கேட்டால், "அது மேல நடந்துச்சு. கீழ நாங்க இப்படித்தேன் இருந்தோம்" என்பார்.

எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில், அவரோடு வேலை பார்த்த எங்கள் ஊர்ப் பாண்டி குண்டுவீச்சில் செத்துப்போனான். அடுத்த லீவில் வந்தவர், பாண்டியின் ஆத்தாவிடம் ஒரு படம் கொடுத்தார். இறக்கை நிழலில் பாண்டி தூங்குகிறான். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. ஒரு காலில் மட்டும் பூட்ஸ்.

வருஷத் திதி வந்தபோது அந்த அம்மாள் படத்தோடு என் சூளைக்கு வந்தார்.

"பட்டாளத்து போட்டோவுல இருக்கவன் யாரோ ஆபீசராட்டம் இருக்கான். இதுதேன் எம்புள்ள. ஆனா மூடுன கண்ணுக்கு எப்படி மாலை போடுறது வேளாரே? சாமிக்கே கண்ணு தெறக்குறவுக நீங்க."

சேவுகன் வரட்டும், ஒரு வார்த்தை கேட்போம் என்று சொல்லியிருக்கலாம். 'சாமிக்கே' என்றதில் மயங்கிவிட்டேன். மூடிய இமை மேல் மை தீட்டி, இரண்டு கண்ணையும் பெரிதாகவே திறந்துவைத்தேன். ஊரே மெச்சியது.

அடுத்த லீவில் சேவுகன் அந்த அம்மாள் வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தார்; நானும் இருந்தேன். கோபமே இல்லை.

"நல்லாத்தேன் தெறந்திருக்கீக வேளாரே. ராவெல்லாம் விமானத்துக்கடியிலயே கெடந்த பய, அன்னைக்குத்தேன் கொஞ்சம் கண்ணசந்தான். பென்சில் சத்தத்துக்கு முழிச்சிறக் கூடாதேன்னு மூச்சப் புடிச்சுக்கிட்டு வரஞ்சேன்."

அந்த அம்மாள் கொடியில் கிடந்த துண்டை எடுத்துப் படத்தின் மேல் போட்டார். "தூங்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு, மாலை போடும் நாளில் மட்டும்தான் துண்டை எடுப்பார்.

சேவுகன் பிறகும் என் சூளைக்கு வந்தார், டீ குடித்தார், கேலி பேசினார். "ஏன் வேளாரே, இந்தக் குருதைகள்ல ஒண்ணாச்சும் தூங்காதா?" எல்லோரும் சிரிப்பார்கள். நான் குனிந்து மண்ணைப் பிசைவேன். தப்புச் செய்துவிட்டேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு ஒரு நாள் வாய்க்காமலே போய்விட்டது.

அந்த அம்மாள் போன பின் படம் என்னிடம் வந்தது. மையைச் சுரண்டிப் பார்க்கக் கை வரவில்லை; சுரண்டினால் சேவுகன் போட்ட கோடும் சேர்ந்து போகும். வெயிலில் சாய்த்துப் பிடித்தால், என் மைக்கு அடியில் அவர் வரைந்த மூடிய இமை தெரிகிறது. அவருடையது என்று என்னிடம் இருப்பது அதுதான்.