பள்ளிக்கூடத்து முதல் கவளம்

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, மெட்ராஸிலிருந்து வடக்கே போகும் ஜி.என்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த ஒரு பஞ்சாயத்துப் பள்ளியில் நான் டீச்சராக இருந்தேன். என் சொந்த ஊர் திருவள்ளூர். வேலைக்காக அந்த ஊரிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். தொழிற்சாலைகள் வரப்போகின்றன, நிலத்தை எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியிருந்த நேரம். பேன்ட் போட்ட ஆள் யார் வந்தாலும் ஊரே உற்றுப் பார்க்கும். எதற்கெடுத்தாலும் சந்தேகம்.

அந்தச் சந்தேகம் பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டையும் விடவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த கோதுமை ரவையைத்தான் அப்போது பொங்கிப் போடுவோம். "இத துன்னா புள்ளைங்களுக்கு வயிறு கெட்டுடும்" என்பார்கள் சிலர். பாதிப் பிள்ளைகளுக்கு வாயோரம் புண், நகமெல்லாம் வெளுத்துக் கிடக்கும். வெறும் ரவையைப் போட்டு என்ன பிரயோஜனம் என்று ஹெட்மாஸ்டர் பள்ளிக்குப் பின்னால் கிடந்த தரிசைக் கொத்தி ஒரு தோட்டம் போட்டார். முளைக்கீரை, வெண்டை, கத்திரி, மூலையில் ரெண்டு முருங்கை. ஆடு மாடு நுழையாமலிருக்க ஊர்க்காரர்களே சுற்றிலும் காட்டாமணக்கை வேலியாக நட்டுக் கொடுத்தார்கள். அந்தச் செடியை ஆடு கடிக்காது. இரண்டு மழைக்குள் ஆளுயரம் வளர்ந்து காய்த்தும் விட்டது.

சமைப்பதற்கு ஒரு பெண் வந்தாள். பழவேற்காடு ஏரிக்கரையில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். புருஷன் படகு கவிழ்ந்து போய்விட்டான். இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டோடு வந்திருந்தாள். தினமும் அவளே கீரையைப் பறித்து, அலசி, நறுக்கி, ரவையில் போட்டுக் கிளறுவாள். தேங்காய் போடாமலே அப்படி மணக்கும். ஆனாலும் ஊருக்கு அவள் அசலூர்க்காரிதான். ஊரில் வசதியான விவசாயி ஒருவர், "கண்டவ கையால ஆக்குனத எம் பொண்ணு துன்ன மாட்டா" என்று சொல்லிவிட்டார். அந்தச் சிறுமி மட்டும் மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவாள்.

ஒருநாள் மதியத்துக்குப் பிறகு மூன்றாம் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "தொண்டை எரியுது டீச்சர்" என்றாள். சொல்லி முடிக்கவில்லை, வாந்தி. அவளைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தவள். பிறகு பக்கத்து வகுப்பில். கொஞ்ச நேரத்தில் வராண்டா முழுக்கப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார்கள். ஹெட்மாஸ்டர் ரோட்டுக்கு ஓடி, போன லாரி ஒன்றை மறித்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். நன்றாக இருந்த பிள்ளைகளை நான் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பள்ளியில் நானும் சமையல்காரப் பெண்ணும்தான் மிச்சம்.

செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? ஊரே திரண்டு வந்துவிட்டது. முன்னால் அந்த விவசாயி.

"இன்னாத்தடி போட்ட சோத்துல?"

"ஒண்ணும் போடலங்க. தெனம் ஆக்குறததான் ஆக்குனேன்" என்றாள் அவள்.

கூட்டத்தில் ஒருத்தி, சமையற்கட்டு ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்த அவளுடைய குழந்தையைக் கைகாட்டினாள். "இவ கொழந்தையும் அதத்தான துன்னுச்சு? அதுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆவல?"

அந்தக் கேள்வி எல்லோரையும் பிடித்துக்கொண்டது. உண்மையைச் சொன்னால், என்னையும்தான். தினமும் அவள் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். ஆனாலும் ஒரு கணம் அவளைச் சந்தேகப்பட்டேன்.

சமையல்காரப் பெண் அடுப்பிலிருந்த குண்டானில் மீதமிருந்த சோற்றைத் தட்டில் போட்டாள். எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். இதோடு அடங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். "எதுல கலந்தா, எதுல கலக்கலன்னு அவளுக்குத் தெரியாதா?" என்றது ஒரு குரல். அவள் சாப்பிட்டாலும் குற்றம், சாப்பிடாவிட்டாலும் குற்றம். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அதே தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன். விழுங்கும்போது தொண்டை எரிகிறதா என்று என் மனசு பார்த்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அந்த விவசாயியின் மனைவி தலைவிரி கோலமாக ஓடிவந்தார். "பொண்ணு வாந்தி வாந்தியா எடுக்குதுங்க! கண்ணு சொருவுது!"

அவர் முகம் கறுத்துவிட்டது. "திருட்டுத்தனமா இங்க துன்னுட்டாளா?" என்று கத்தியவர், கையை ஓங்கிக்கொண்டு சமையல்காரப் பெண்ணின் மேல் பாய்ந்தார். நான் குறுக்கே விழுந்தேன். "மொதல்ல உங்க பொண்ணப் பாக்கலாம் வாங்க. அப்புறம் யாரை வேணா அடிங்க" என்று கத்தினேன். அவ்வளவு உரக்க நான் அதற்கு முன்னால் பேசியதே இல்லை.

அவர் வீட்டில் பாயில் துவண்டு கிடந்தது அந்தச் சிறுமி. "அவ சோத்த துன்னியாடி?" என்று அப்பா உறுமினார். "இல்ல நைனா, சத்தியமா இல்ல" என்று அழுதது. யாரும் நம்பவில்லை. பயத்தில் பொய் சொல்கிறது என்றார்கள். எனக்கு ஒன்று மட்டும் தோன்றியது. அப்பாவைப் பார்த்துத்தான் அது பயப்படுகிறது. எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். வாயைத் துடைத்துவிட்டு, மடியில் சாய்த்துக்கொண்டேன். "யாரும் அடிக்க மாட்டாங்க. இன்னிக்கு நீங்கல்லாம் சேர்ந்து என்ன சாப்பிட்டீங்க?"

என் காதோடு சொன்னது. "வேலியில காய் வெடிச்சிருந்துச்சு டீச்சர். உள்ள கொட்ட. வேர்க்கடல மாதிரி இனிப்பா இருந்துச்சு. மத்தியானம் தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தும்போது எல்லாரும் துன்னாங்க. எனக்கும் குடுத்தாங்க."

பிறகு இன்னொன்றும் சொன்னது. "அவங்க கூட உக்காந்து நான் எதுவுமே துன்ன முடியாதுல்ல. அதான் அத துன்னேன்."

கதவைத் திறந்தேன். அந்த அப்பாவையும் கூட இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு நேராகத் தோட்டத்துக்குப் போனேன். வேலி அடியில் உடைத்துப் போட்ட தோல்கள் சிதறிக் கிடந்தன. சின்னச் சின்னப் பல்தடத்தோடு பாதி கடித்த கொட்டைகளும் கிடந்தன. அந்தச் சிறுமியை வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காட்டாமணக்குதான் என்று டாக்டரிடம் சொல்ல அதற்கு முன்பே ஒருவர் சைக்கிளில் விரைந்தார். மறுநாளே பிள்ளைகள் எல்லோரும் சோர்ந்த முகத்தோடு வீடு திரும்பிவிட்டார்கள். சமையல்காரப் பெண்ணின் குழந்தை தப்பித்ததற்குக் காரணம் வேறொன்றுமில்லை. அது சாப்பிட்டதும் தூங்கிப்போனது, வேலிப்பக்கம் போகவில்லை.

பிள்ளைகளுக்கு முடியாமல் போன அன்றே, பொழுது சாய்வதற்குள், ஊர்க்காரர்களே காட்டாமணக்கை வேரோடு பிடுங்கிப் போட்டார்கள். அந்த இடத்தில் பனைமட்டையை நெருக்கி நட்டார்கள். ஆனால் மன்னிப்பு என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த நாள் அடுப்பு எரியவில்லை. அவள் வரவில்லை.

ஹெட்மாஸ்டரும் நானும் அவள் அக்கா வீட்டுக்குப் போனோம். வாசலில் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வர்றேன் டீச்சரம்மா. ஆனா ஒண்ணு. தெனம் ஊர்ல யாராவது ஒருத்தர் வந்து எம் பக்கத்துல உக்காந்து மொத கவளம் துன்னணும். அப்பறந்தான் புள்ளைங்களுக்குப் போடுவேன். நாளைக்கு அவர் வரட்டும்" என்றாள். யார் என்று நாங்கள் கேட்கவில்லை.

அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அடுப்புக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். குண்டானுக்குள் எட்டிப் பார்த்தார். கீரையை விரலால் கிளறிப் பார்த்தார். கவளத்தை மோந்தும் பார்த்தார். அவள் கரண்டியைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் தட்டோடு காத்திருந்தார்கள். அவர் வாயில் போட்டு, மென்று, விழுங்கினார். "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். அவ்வளவுதான்.

அதன் பிறகு தினமும் யாராவது ஒரு தாயோ தகப்பனோ வந்து உட்காருவார்கள். நாளாக ஆக, வெறுங்கையோடு வருவது கூச்சமாகி, ஒருவர் பூசணிக்காய் கொண்டுவருவார், ஒருவர் வெங்காயம் கொண்டுவருவார். சில நாள் கழித்து அந்த விவசாயியின் மகளும் தட்டோடு வரிசையில் நின்றாள். நடுவில் இடம் பிடித்து, இரண்டு பக்கமும் தோழிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். சமையல்காரப் பெண் அந்த மனிதரிடம் கடைசிவரை முகம்கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அவர் மகளுக்குக் கீரையை மட்டும் ஒரு கரண்டி கூடுதலாகப் போடுவாள்.

எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. எனக்கும் தலை நரைத்துவிட்டது. இன்றும் ஒரு கூட்டம் சேர்ந்து ஒரே ஒருத்தரைக் கைகாட்டும்போது, எனக்குச் சந்தேகம் வருவது அந்தக் கூட்டத்தின் மேல்தான். அதில் நின்றுகொண்டிருக்கிற என் மேலும்தான்.