நான் விட்டுவிட்ட இரண்டு ஆடிக் கிருத்திகைகள்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதத்தில் ஒரு மழைக்காலை. திருத்தணி பயணியர் விடுதியில் ஓர் அறை. மேகம் இறங்கியதில் மலை பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. கோயில் ஒலிபெருக்கியின் நாதஸ்வரம் மட்டும் எங்கிருந்தோ மிதந்து வந்தது.

அப்போது நான் ஒரு நாளிதழின் பகுதி நேர நிருபர். தில்லியிலுள்ள தேசிய மனித உரிமை ஆணையத்திலிருந்து பெண் அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுச் செய்திக்காகப் போயிருந்தேன். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க வேண்டியவர் மழையில் மாட்டிக்கொண்டதால், உதவ முடியுமா என்று அதிகாரி என்னைக் கேட்டார். உட்கார்ந்தேன்.

எதிரே, ஆணையத்துக்கு மனு அனுப்பிய பெண். முப்பது வயதிருக்கும். முன்பணம் வாங்கி ஓர் அரிசி ஆலையில் குடும்பத்தோடு வேலைக்குச் சேர்ந்தவர். காய்ச்சல் என்று அவரை மட்டும் வெளியே விட்ட முதலாளி, கணவரையும் குழந்தையையும் உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார். கூலிக்கு வந்தவர்கள்தான், நினைத்தால் போகலாம் என்று ஆணையத்துக்கு எழுதியும் கொடுத்திருந்தார். அது பொய் என்று இந்தப் பெண்ணின் வாக்குமூலத்தில் தெரிந்தாக வேண்டும்.

கனவைச் சொல்வதுபோல நிதானமாகப் பேசினார். நான் பத்திரிகைக்குச் சுருக்குவதுபோலச் சுருக்கினேன். வேலை நேரம், கூலி, எத்தனை பேர். மற்றதெல்லாம் வர்ணனை என்று விட்டுவிட்டேன்.

திடீரென்று பேச்சை நிறுத்தினார். "நான் இம்மாம் நேரம் பேசிக்கினு கீறேன், நீங்க ஒரு வார்த்தையில முடிச்சிட்றீங்களே சார். இங்கிலீசு அவ்ளோ சின்னதா?"

என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். சொன்னேன். அதிகாரி சிரிக்கவில்லை. விட்டதையெல்லாம் அவர் சொன்னபடியே சொல்லுங்கள், எது தேவை என்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு முகம் சுட்டது. அந்தப் பெண்ணை மறுபடி சொல்லச் சொன்னேன்.

"ரெண்டு ஆடிக் கிருத்திகை போச்சு சார். பொழுது சாஞ்சா களத்துல நெல்லு கிளறிக்கினே பாப்போம், மலை பூரா லைட்டு. கொயந்தைக்கு மொட்ட போடணும், ஒரு நாள் போய்ட்டு வந்துர்றோம்னு கேட்டோம். ரெண்டு வாட்டியும் கதவச் சாத்தி, சாவிய எடுத்துகினு போய்ட்டாங்க."

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அதிகாரி ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். அவர் தேடி வந்தது அதைத்தான்.

ஆணையம் யாரையும் பிடித்து உள்ளே போடுவதில்லை. கேட்கிறது, எழுதுகிறது, பதில் வரும்வரை விடுவதில்லை. அந்த அதிகாரி கேட்டதன்பேரில், கொத்தடிமைகளை மீட்கும் பொறுப்புள்ள வருவாய்த் துறையினர் மறுநாளே ஆலைக்குப் போனார்கள். மாலையில், தூறலில், அந்தக் கணவர் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்தேன்.

இன்றும் ஒருவர் பேசுகையில், இது தேவையில்லை என்று என் கை தானாக நிற்கும் இடம் வந்தால், பேனாவை மூடாமல் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.