கொடிக்கயிற்றைப் பிடித்த பிரிகேடியர்

எங்கள் பங்கின் தமிழ்க் கத்தோலிக்கர் ஆண்டுதோறும் மாதா திருநாளுக்குக் கோவில் முற்றத்தில் கொடியேற்றுவர். ஏற்றும் பேறு ஒவ்வோர் ஆண்டும் ஒரு குடும்பத்துக்கு உரியது. அக்குடும்பத்தார் யாவரும் வெறுங்காலுடன் கயிற்றைப் பிடிக்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்திலிருந்து இலண்டனுக்கு எங்களோடு வந்த வழக்கம். இவ்வாண்டு அப்பேறு எனக்குக் கிடைத்தது. மனைவி காலமான பின்னர் என் குடும்பம் என்பது நானும் என் மகளுமே. மகள் பிரித்தானிய இராணுவத்தில் பிரிகேடியர்.

திருநாளன்று காலை அவளுக்கு ஓர் அரச வைபவம் இருந்தது. அங்கிருந்து சீருடையுடனேயே கோவிலுக்கு வருவாள் என்று குழுவினரிடம் முன்கூட்டியே கூறினேன். மறுநாளே திருநாட்குழுவின் செயலாளர் கோலியர்ஸ் வுட்டிலுள்ள என் வீட்டுக்கு வந்து அமர்ந்தார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. பிள்ளை வரட்டும். ஆனா அந்த ஆமி உடுப்போட வேண்டாம். சனம் என்ன பாடுபட்டு வந்ததெண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். நானும் இலங்கை ஆமிக்குப் பயந்துதான் ஓடி வந்தனான். இது வேற ஆமி."

"ஒரு சீலையைக் கட்டிக்கொண்டு வந்தா என்ன குறைஞ்சுபோகும்?"

"டொக்டர் பிள்ளையள் கழுத்தில குழாயோட வந்தா முன் வாங்கில இருத்துறியள். என்ர பிள்ளை மட்டும் ஒளிச்சு வரவேணுமோ?"

அவர் எழுந்தார். "அப்ப கயிறு வேற ஆக்களுக்குப் போகும், அண்ணை."

"போகட்டும். ஆனா ஒண்டு கேளுங்கோ. எல்லாரையும் போலச் சப்பாத்தைக் கழட்டுவாள். உடுப்பைக் கழட்டமாட்டாள்."

இராணுவம் என்ற சொல்லுக்கு எங்கள் சனம் நடுங்குவது பொய்யான நடுக்கமன்று. ஆயினும் என் மகள் இருபத்தெட்டு ஆண்டுகளாகப் படையினருக்கு உணவும் மருந்தும் எரிபொருளும் கொண்டு சேர்க்கும் பணியில் உயர்ந்தவள். அவள் லெப்டினன்ட் ஆனபோது, "கலியாணம் பேச ஏலாது" என்றார்கள். மேஜர் ஆனபோது எவரும் விசாரிக்கவில்லை. கேணல் ஆன பிறகோ, பிள்ளைகளின் வேலைக்குச் சிபாரிசு கேட்டு இரவு நேரங்களில் தொலைபேசி எடுத்தார்கள். பகலில் அவளை அறியாதவர்களாகவே இருந்தார்கள்.

நடந்ததைக் கேட்ட மகள், "அப்பா, நான் சீலையிலயே வாறன், விடுங்கோ" என்றாள்.

"நீ விடலாம். நான் விடமாட்டன்" என்றேன்.

திருநாளன்று கயிற்றைப் பிடிக்க வேறு குடும்பம் எதுவும் முன்வரவில்லை. என்னிடமிருந்து அதைப் பறிக்க ஒருவருக்கும் துணிவில்லை என்றே கொள்கிறேன். மகள் காரிலிருந்து இறங்கினாள். கழுத்துப்பட்டியில் பிரிகேடியருக்குரிய சிவப்புத் துண்டுகள் தெரிந்தன. அவள் குனிந்து சப்பாத்துகளின் நாடாவை அவிழ்த்து, அவற்றை என் செருப்புகளுக்கு அருகே வைத்தாள். மழையில் நனைந்திருந்த சீமெந்துத் தரையில் வெறுங்காலுடன் என்னருகே நின்றாள்.

"இழுங்கோ அப்பா" என்றாள்.

இருவரும் இழுத்தோம். கொடி ஏறியது. சிலர் வாசலுக்கு வெளியே போய், எங்களுக்கு முதுகு காட்டி நின்றனர். செயலாளரும் அவர்களுள் ஒருவர். கொடி உச்சியைத் தொட்டதும் நான் அத்திசை நோக்கி உரத்த குரலில், "மரியே வாழ்க!" என்றேன். மாதாவை வாழ்த்தும் குரலுக்கு மறுமொழி தராமலிருப்பது எங்களில் எவருக்கும் ஆகாது; அவர்களும் திரும்பி, "வாழ்க!" என்று சொல்லியே ஆகவேண்டியிருந்தது.